தங்கப்பல்லோடு கர்த்தரின் பந்திக்கு

தேவராஜ் மாமா நகைக்கடை மேசையின் மேல் குனிந்து, உரைகல்லில் தன் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

ஆண்டர்சன்பேட்டை கடைவீதி. வெயில் தெருவின் ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் வந்திருந்தது. எதிர்க்கடையில் போண்டாவுக்கு எண்ணெய் காய்கிற வாசனை. பத்தர் உரைகல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “இன்னும் கொஞ்சம் சாய்ங்க ஐயா, மூக்கு இடிக்குது” என்றார்.

மாமா சாய்ந்தார். விழுந்துவிடுவாரோ என்று நான் அவருடைய சட்டைக் காலரைப் பின்னாலிருந்து பிடித்திருந்தேன். மறுபக்கம் எங்கள் சபை மூப்பர் பொன்னையா, வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் டார்ச். பட்டப்பகலில் மாமாவின் வாய்க்குள் வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தார்.

“பல்லைக் கையில கழட்டிக் கொடுத்தீங்கன்னா ஒரு நிமிஷத்து வேலை” என்றார் பத்தர்.

“கழட்டிக் கொடுக்கிற மாதிரி இருந்தா நான் ஏன்யா உன் கல்லை நக்கிக்கினு கீறேன்?”

குழந்தைக்கு அரைஞாண் வாங்க வந்த ஒரு பெண் வாசலிலேயே நின்றுவிட்டாள். குழந்தை மட்டும் சிரித்தது. அதற்கு அந்த இடத்தில் நடப்பது சரியாகப் புரிந்திருந்தது.

இத்தனையும் ஒரு துண்டு அப்பத்துக்காக. சுண்டுவிரல் நகமளவு அப்பம், அதோடு ஒரு மடக்கு திராட்சரசம். சபையில் எல்லாருக்கும் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்தில் கிடைப்பது. மாமாவுக்கு மட்டும் கிடைக்காதது. காரணம், மேல்வரிசையில் முன்னால் மினுக்கிய அந்த ஒற்றைப் பல்.

திசை மாறிய டார்ச்

எங்கள் சபை பழைய தொழிலாளர் லைன் வீடுகளுக்குப் பின்னால் இருக்கிறது. தகரக் கூரை. மழை பெய்தால் பிரசங்கம் கேட்காது. சில ஞாயிறுகளில் அதுவே ஆசீர்வாதம். அந்தச் சபையில் யாரும் நகை போடக்கூடாது. தாலி கூடக் கிடையாது, மஞ்சள் கயிறும் இல்லை. காது, மூக்கு, கழுத்து எல்லாம் மொட்டையாக, கழுவி வைத்த தட்டு மாதிரி இருக்கும். பெண்களுக்குப் பொன்னாபரணம் வேண்டாம் என்று பேதுருவின் நிருபத்தில் வரும் வசனத்தை மூப்பர் ஆண்களுக்கும் சேர்த்து விரித்துவிட்டார்.

தங்கம் வேண்டாம் என்று சொல்ல இதைவிட விசித்திரமான ஊர் கிடையாது. எங்கள் ஊரின் பேரே தங்கவயல். வடாற்காட்டிலிருந்து மூட்டை முடிச்சோடு வந்தவர்கள் பாறையைக் குடைந்து, இருட்டுக்குள் இருட்டாக இறங்கி, ஊரையே அந்த ஒரு சொல்லின் மேல் கட்டினார்கள். அந்த ஊரில், அந்தக் குடைந்தவர்களின் பிள்ளைகள், தகரக் கூரைக்குக் கீழே மொட்டைக் காதோடு அல்லேலூயா பாடுகிறார்கள். இதை நினைத்து நான் வண்டியில் போகும்போது தனியாகச் சிரித்திருக்கிறேன். மாரிகுப்பம் ரயிலில் தனியாகச் சிரிப்பவர்களை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. எல்லாருக்கும் தூக்கம்.

மூப்பர் பொன்னையா ஒரு காலத்தில் சுரங்கத்து ஷாஃப்ட் வாசலில் சோதனை போடும் வேலையில் இருந்தவர். ஷிப்ட் முடிந்து கேஜ் கூண்டில் மேலே வருகிறவர்கள், உடம்பெல்லாம் சேறும் ஈரமுமாக, ஒரு கொட்டகைக்குள் வரிசையாகப் போக வேண்டும். தலைமுடியை உதற வேண்டும். சாப்பாட்டு டப்பாவைக் கவிழ்க்க வேண்டும். வாயைத் திறக்க வேண்டும், நாக்கைத் தூக்க வேண்டும். உள்ளே டார்ச் அடித்துப் பார்ப்பார் பொன்னையா. யாராவது தங்கக் கல்லை ஒளித்துக்கொண்டு போகிறார்களா என்று.

சுரங்கத்தை மூடினார்கள். பொன்னையா மனந்திரும்பினார். டார்ச் மட்டும் திரும்பவில்லை. அதை அவர் கையோடு சபைக்குக் கொண்டுவந்துவிட்டார். அங்கே தங்கம் வெளியே போகாமல் பார்த்தவர், இங்கே தங்கம் உள்ளே வராமல் பார்த்தார். திசை மட்டும்தான் மாறியிருந்தது.

நான் காதில் சின்னதாக ஒரு கம்மல் போடுகிறவள். அதனால் எனக்குக் கடைசி பெஞ்சு; அப்பம் வாங்குகிற அன்று மட்டும் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வேன். ஒவ்வொரு முறையும் வாசலில் என் காதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்.

“சிஸ்டர், ஆண்டவர் உங்ககிட்ட இன்னும் பேசலியா?”

“பேசிக்கினுதான் கீறார் அண்ணே. காதைப் பத்தி மட்டும் இன்னும் பேச்சு வரல.”

மாமா என் அளவுக்கு மரியாதைக்காரர் இல்லை. “பேர்லயே பொன்னை வச்சிக்கினு கீறியே, முதல்ல அதைக் கழட்டு” என்று ஒருநாள் வாசலில் நின்று சொல்லிவிட்டார். மூப்பர் அன்று முழுவதும் பாட்டுப் பாடவில்லை.

பழசு, போ

அந்தப் பல்லுக்கு ஒரு கதை உண்டு.

கல்யாணமான புதிதில், சுரங்கத்துக்குள்ளே ஏதோ ஒரு லெவலில், கல் தெறித்து மாமாவின் முன்பல் உடைந்தது. மாமா சிரிப்பதை நிறுத்திவிட்டார். சிரிக்கிறவர் சிரிக்காமல் போனால் ஒரு வீடு எப்படி இருக்கும் என்பது ரூபி அத்தைக்கு ஒரு வாரத்தில் தெரிந்துவிட்டது. தன் கல்யாணக் கம்மலைக் கழற்றிக் கையில் கொடுத்து, பல் கட்டிக்கொண்டு வரச் சொன்னாள். பங்காருபேட்டை சந்தையில், குடைக்குக் கீழே உட்கார்ந்து பல் கட்டுகிற ஒருவர், கம்மலை வாங்கி உருக்கி, உடைந்த பல்லின் மேல் தொப்பி மாதிரி மாட்டிவிட்டார்.

மாமா சிரித்துக்கொண்டே வீடு வந்தார். அதன் பிறகு அவர் சிரிக்காத நாளே இல்லை. சாவு வீட்டில்கூட வாயைப் பொத்திக்கொண்டு நிற்பார்.

சோதனைக் கொட்டகையில் முதல் நாள் பெரிய ரகளை. பொன்னையா டார்ச் அடித்ததும் வாய்க்குள் தங்கம் பளிச்சென்று மின்ன, விசில் ஊதிவிட்டார். மேலதிகாரி வந்து பார்த்தார். உள்ளே போகும்போதே இருந்த தங்கம், வெளியே போகும்போதும் இருக்கலாம் என்று தீர்ப்பானது. அன்றிலிருந்து ஒவ்வொரு ஷிப்ட்டுக்கும் அதே சடங்கு. மாமா வாயை அகலத் திறப்பார். பொன்னையா டார்ச் அடிப்பார். பார்த்துவிட்டு, தோளில் ஒரு தட்டுத் தட்டி, “பழசு, போ” என்பார்.

புதிதாகத் திருடியது இல்லை, பழசு. அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். “அவன் பெண்டாட்டி மூஞ்சைப் பார்த்ததைவிட என் பல்லைப் பார்த்ததுதான் ஜாஸ்தி” என்பார் மாமா.

அத்தை வெகுகாலம் முன்பே சபையில் சேர்ந்துவிட்டாள். கழற்றுவதற்கு ஒரு நகையும் இல்லாததால் சேர்ந்த முதல் நாளே முழுப் பரிசுத்தவாட்டி. ரூபி என்ற பேரை மட்டும் மூப்பரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மாமா ஞாயிறுதோறும் அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, எதிரே இருக்கும் சின்னப் பாலத்துச் சுவரில் உட்கார்ந்து டீ குடிப்பார். பாட்டுக் கேட்டால் காலால் தாளம் போடுவார். உள்ளே மட்டும் வரமாட்டார்.

திடீரென்று போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒருநாள் டீக் கிளாஸோடு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. டீ ஆறிவிட்டது, அதனால் வந்தேன் என்றார் பிறகு. அழுதிருந்தார் என்பது கண்ணைப் பார்த்தால் தெரிந்தது. மூப்பர் பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்த ஒரு சனிக்கிழமை, பாஸ்டர் அவரைத் தொட்டியில் முக்கி ஞானஸ்நானமும் கொடுத்துவிட்டார். வாயை மூடிக்கொண்டுதானே தண்ணீரில் முங்குகிறோம். பல் தடையாக இல்லை.

அப்பத்துக்கு வாயைத் திறக்க வேண்டும். அங்கேதான் சிக்கல்.

பாதிப் பாய்

எங்கள் சபையில் திருவிருந்தன்று கணவனும் மனைவியும் சேர்ந்து முன்னால் வந்து, ஒரே பாயில் முழங்காலிட்டு அப்பம் வாங்குவார்கள். சாதாரணக் கோரைப்பாய்தான். அத்தை இத்தனை காலமும் அந்தப் பாயின் ஓர் ஓரத்தில் தனியாக முழங்காலிட்டிருக்கிறாள். மறுபாதி காலியாக இருக்கும். யார் இல்லாததையும் அந்தப் பாய் ஒளிக்காது.

இந்த வருஷம் அத்தைக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. குழாயடியிலிருந்து குடத்தைத் தூக்கி வருவதற்குள் நாலு இடத்தில் நின்றாள். பெங்களூர் ஆஸ்பத்திரியில் இருதயத்தில் ஒரு வால்வை மாற்ற வேண்டும் என்றார்கள். தேதியும் கொடுத்தார்கள், மாதத்தின் முதல் ஞாயிறுக்கு அடுத்த வாரம்.

அத்தை பயந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்.

“போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தபா, உன் மாமா பக்கத்துல முட்டி போட்டு அப்பம் வாங்கணும். அந்தப் பாய்ல பாதியைப் பாத்துப் பாத்து எனக்கு அலுத்துப் போச்சு.”

நான் மூப்பரிடம் போனேன். பல்லைக் கழற்றினால் வரலாம் என்றார். மாமாவைப் பல் டாக்டரிடம் கூட்டிப் போனேன். சர்க்கரை இருக்கிறது, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார், இப்போது கை வைக்கமாட்டேன் என்றார் டாக்டர்.

மாமா தன் வழியில் முயன்றார். குழாய் ஒட்டுகிற வெள்ளைப் பசையைப் பல்லின் மேல் பூசிக்கொண்டு வாசலுக்குப் போனார். மூப்பர் டார்ச் அடித்தார். பசையின் விளிம்பில் ஒரு மஞ்சள் கோடு.

“உள்ள கீது பிரதர்.”

“உள்ள கீறதை அவர் பாத்துப்பார். நீ வெளியப் பாரு.”

“வெளியத்தான் பாக்கறேன். வெளியத் தெரியுது.”

மாமா அங்கேயே பாலத்துச் சுவரில் உட்கார்ந்து பசையைச் சுரண்டினார். சுரண்டிக்கொண்டே உள்ளே கேட்கும்படி கத்தினார்: “இன்னாய்யா, பரலோகத்துல தெருவெல்லாம் தங்கம்னு எழுதி கீதே. அங்க இன்னா பண்ணுவே? பறந்துக்கினே போவியா?”

பாஸ்டர் இளவயசுக்காரர். பல ஊர்ச் சபைகளைச் சேர்த்துப் பார்ப்பவர், காலை ரயிலில் வந்து மாலை ரயிலில் போகிறவர். கிருபையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார், கேட்கிற நமக்கே உடம்பு லேசாகிவிடும். நியாயப்பிரமாணம் என்கிற சட்டத்தால் யாரும் பிழைக்க முடியாது என்பார். பேசி முடித்துவிட்டு மூப்பரின் முகத்தைப் பார்ப்பார். சபைக்குச் சாவி மூப்பரிடம் இருந்தது.

மூப்பர் கெட்டவர் இல்லை. அதை நான் இங்கே சொல்லியாக வேண்டும். அத்தைக்கு மூச்சு வாங்குகிறது என்று தெரிந்ததும், அவள் வீட்டுக்கு ஆட்டோ அனுப்பியவர் அவர்தான். இரண்டு நாள் தூங்காமல் யோசித்தார் என்று அவர் வீட்டில் சொன்னார்கள். யோசித்து, ஒரு வழியைக் கொண்டுவந்தார். தங்கவயலைத் தவிர வேறு எந்த ஊர் மூளைக்கும் அந்த வழி தோன்றியிருக்காது.

“பாறையில தங்கம் இருந்தாலே கம்பெனி அதைத் தங்கம்னு எடுத்துக்குமா? எடுத்துக்காது. அளவு கம்மியா இருந்தா வேஸ்ட்டுன்னு சொல்லிக் கழிவு மேட்டுல கொட்டிடும். அந்த மாதிரி, பிரதர் பல்லுல தங்கம் ரொம்பக் கம்மின்னு தெரிஞ்சா, அது கணக்குல தங்கம் இல்ல. கழிவு. கழிவுப் பல்லோட வரலாம்.”

பாஸ்டர் பைபிளைத் திறந்து அதற்கு வசனம் தேடினார். மாமா மட்டும் உற்சாகமாகிவிட்டார். சுரங்கத்து நியாயம் அவருக்குப் புரிகிற பாஷை.

“சரி. சோதிச்சுடலாம்” என்றார்.

கோடு

இப்படித்தான் நாங்கள் பத்தர் கடைக்கு வந்து சேர்ந்தோம்.

மாமா நிமிர்ந்தார். கறுப்புக் கல்லின் மேல், எச்சிலுக்கு நடுவில், மஞ்சளாக ஒரு கோடு. பத்தர் துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்தார். சின்னச் சீசாவிலிருந்து கண்ணாடிக் குச்சியால் திராவகத்தைத் தொட்டு, கோட்டின் மேல் வைத்தார். நாலு தலைகள் கல்லின் மேல் கவிழ்ந்தன. அரைஞாண் வாங்க வந்த பெண்ணும் எட்டிப் பார்த்தாள்.

கோடு லேசாகப் பொங்கியது. பச்சையானது. பிறகு அங்கே கோடு இல்லை.

பத்தர் தொண்டையைச் செருமினார். “ஐயா, தப்பா நினைக்காதீங்க. இதுல தங்கம் கம்மியான்னு கேட்டீங்க. கம்மியெல்லாம் இல்ல. இல்லவே இல்ல. சுத்தப் பித்தளை.”

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். வெளியூர்க்காரர்கள் இதைப் படித்து, தங்கம் தோண்டிய ஊரில் ஒருவருக்கும் பித்தளை தெரியவில்லையா என்று கேட்பார்கள். தெரியவில்லை. கீழே இறங்கியவர்கள் பார்த்தது பாறை. வண்டி வண்டியாகப் பாறை. அதற்குள் இருந்த தங்கம் கண்ணுக்குத் தெரியாது; மில்லில் பொடித்து, கரைத்து, உருக்கி, பூட்டிய அறையில் கட்டியாகி, பூட்டிய பெட்டியில் போய்விடும். வாழ்நாள் முழுக்கத் தங்கம் எடுத்தவர் பலர் தங்கத்தைக் கையில் தொட்டதே கல்யாணத்தன்றுதான். சோதனை போட்ட பொன்னையாவும், திருட்டுத் தங்கம் எப்படி இருக்கும் என்று மற்றவர்கள் சொல்லிக் கேட்டவர்தான்.

அதோடு, மாமா ஒவ்வொரு கிறிஸ்துமஸ் காலையிலும் பல்லைப் புளி போட்டுத் தேய்ப்பார். வாசலில் உட்கார்ந்து, கண்ணாடியில் பார்த்து, குத்துவிளக்குத் துலக்குவது போல. தெருவே அதைப் பார்த்திருக்கிறது. நானும் புளி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. தங்கவயலில் தங்கத்தைப் புளி போட்டுத்தான் தேய்ப்பார்கள் என்று நாங்கள் எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

மூப்பர் டார்ச்சை அணைத்தார். முகம் விரிந்தது. “ஸ்தோத்திரம். பித்தளையைப் பத்தி வசனத்துல ஒண்ணும் இல்ல பிரதர். ஞாயித்துக்கிழமை தாராளமா வாங்க.”

மாமா கைக்குட்டையால் வாயைத் துடைத்தார். நிதானமாக மடித்துப் பையில் வைத்தார்.

“தங்கம்” என்றார்.

“இன்னாது?”

“என் பல்லு தங்கம். ரூபி கம்மல் அது.”

“இப்பத்தானேய்யா கல்லுல பாத்தோம்.”

“கல்லு தப்பு.”

பத்தர் கல்லை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“டேய் தேவா” என்றார் மூப்பர். பிரதர் போய்விட்டது. “வழி கிடைச்சிருக்குடா. பித்தளைன்னு ஒரு வார்த்தை சொல்லு, வந்து அப்பம் வாங்கு, அந்தம்மா சந்தோஷமா ஆஸ்பத்திரிக்குப் போகட்டும். இன்னா கஷ்டம் உனக்கு?”

“பித்தளைன்னு சொல்லிக்கினு நான் உள்ள வந்தா, அவர் என்னைச் சேத்துக்கினதா ஆவாது. பித்தளையைச் சேத்துக்கினதாத்தான் ஆவும். எனக்கு அது வேணாம். சேத்துக்கினா தங்கத்தோட சேத்துக்கட்டும். இல்லாட்டிப் பாலத்துல உக்காந்து டீ குடிக்கறேன்.”

செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். மூப்பர் கடைப் படியிலேயே உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் அணைந்த டார்ச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அப்ப இத்தனை வருஷமா நான் இன்னாத்தைப் பாத்து விட்டேன்?” என்றார், என்னிடமா பத்தரிடமா என்று தெரியாமல்.

புளி

இப்படி ஒரு விபரீதம். கதவு திறந்துவிட்டது, அதனாலேயே மாமா வரமாட்டேன் என்கிறார். தடுத்தபோது ஒவ்வொரு ஞாயிறும் வாசலுக்கு வந்தவர், விட்டபோது முறைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் நான் அத்தை வீட்டுக்குப் போனேன். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகப் புடவைகளை மடித்துக்கொண்டிருந்தாள். மாமா முதுகைக் காட்டிக்கொண்டு டிவி பார்த்தார். டிவி ஓடவில்லை.

“விஷயம் தெரியுமா அத்தை?”

“தெரியும். கடைவீதிக்கே தெரியும்.” புடவையின் மூலையை மூலையோடு சேர்த்தாள். “எனக்கு முதல் கிறிஸ்துமஸுக்கே தெரியும்.”

மாமாவின் முதுகு அசைந்தது.

“தங்கத்துக்கு எவன் புளி போட்டுத் தேய்ப்பான்? காலையில வாய் கொப்புளிச்சா பச்சையாத் தண்ணி வரும். சந்தையில அந்த ஆளு கம்மலை வச்சிக்கினு பித்தளையை மாட்டி அனுப்பிட்டான்.”

மாமா திரும்பினார். கிழவரின் முகம் அந்த நேரத்தில் பள்ளிக்கூடப் பையனுடையது.

“ஏன்டி சொல்லல?”

“சொன்னா நீ சிரிக்கிறதை நிறுத்திடுவே.”

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். அடுத்த புடவையை எடுத்து உதறினாள். அந்துருண்டை வாசனை அறையெல்லாம் பரவியது. நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். கழிவு மேட்டின் மேல் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது, வேண்டாம் என்று கொட்டப்பட்ட மண்ணெல்லாம் மஞ்சளாக.

மாமா பல்லை நாக்கால் தடவிக்கொண்டே, “அப்ப நான் இன்னா சொல்லிக்கினு உள்ள வர்றது?” என்றார்.

“தங்கம்னு சொல்லிக்கினு வா. நான் அதைத் தங்கம்னுதான் வச்சிருந்தேன். அவரும் வச்சிப்பார்.”

உள்ள போ

ஞாயிற்றுக்கிழமை. பாட்டு முடிந்து, மேசையின் மேல் வெள்ளைத் துணி விரித்து, அப்பத் தட்டும் ரசமும் வந்தாயிற்று. பாயில் அத்தை முழங்காலிட்டிருந்தாள். உட்கார்ந்தபடியே வாங்கலாம் என்று பாஸ்டர் சொல்லியும் கேட்கவில்லை. ஒரு கையைப் பாயின் காலிப் பாதியில் ஊன்றியிருந்தாள், மூச்சுக்காகவோ, இடம் பிடித்து வைக்கவோ.

வாசலில் மாமா. வாசலை மறித்து மூப்பர்.

“எல்லாருக்கும் கேக்கறாப்புல சொல்றேன்” என்றார் மாமா. தேவையே இல்லை, தகரக் கூரை அன்று மழையில்லாமல் அமைதியாகத்தான் இருந்தது. “தங்கப்பல்லோட வந்துருக்கேன்.”

“பித்தளைடா அது.”

“தங்கம்.”

“என் கண்ணால பாத்தேன்டா.”

“நீ இத்தனை வருஷமாத் தங்கம்னும் உன் கண்ணாலதான் பாத்தே.”

யாரோ சிரித்து, இருமலாக மாற்றினார்கள். தங்கம் என்று சொன்னால் உள்ளே விட முடியாது. பித்தளை என்று அவர் சொல்லமாட்டார். மூப்பர் முன்னால் திரும்பிப் பாஸ்டரைப் பார்த்தார். பாஸ்டர் அன்றுதான் முதல்முறையாக, மூப்பரின் முகத்தைப் பார்க்காமல் பாயைப் பார்த்தார்.

மூப்பரும் பார்த்தார். அத்தையின் கை இன்னும் அந்தக் காலிப் பாதியில் ஊன்றியே இருந்தது.

“வாயைத் திற” என்றார் மூப்பர்.

மாமா திறந்தார். ஷாஃப்ட் வாசலில் திறந்த அதே அகலம். டார்ச் எரிந்தது. வெளிச்சம் அந்த ஒற்றைப் பல்லின் மேல் போய் நின்றது. நின்றது, நின்றது, மூப்பரின் கை கீழே இறங்கவே இல்லை. அந்த வெளிச்சத்தில் அவர் எதைப் பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. வரிசை வரிசையாக ஈரத்தோடு மேலே ஏறி வந்தவர்களையா, ஏறி வராதவர்களையா.

டார்ச்சை அணைத்தார். மாமாவின் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

“பழசு” என்றார். “உள்ள போ.”

மாமா போய் முழங்காலிட்டார். பாய் நிறைந்தது.

இதோடு முடிந்திருந்தால் இது சபையில் எழுந்து சொல்ல நல்ல சாட்சி. ஆனால் அன்றைக்கு அப்பம் சுட்டது மூப்பரின் தங்கை. அவள் சுடும் அப்பம் ஓடு மாதிரி இருக்கும். மற்றவர்கள் ரசத்தில் ஊறவைத்துத்தான் விழுங்குவார்கள். மாமாவுக்கு அது முதல் முறை. ஆசையோடு கடித்தார். சபை முழுக்கக் கேட்டது அந்தச் சத்தம். மாமாவின் கண் பெரிதானது. அதற்குள் கையில் ரசக் கிண்ணம் வந்திருந்தது. மரியாதையாக ஒரே மடக்கில் குடித்தார்.

குடித்துவிட்டு அத்தையின் பக்கம் திரும்பிச் சிரித்தார். தங்கம் இருந்த இடத்தில் கறுப்பாக ஓர் ஓட்டை.

அத்தை முதலில் வாயைப் பொத்தினாள். பிறகு முடியவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே, மார்பைப் பிடித்துக்கொண்டே, பாயில் சாய்ந்து சிரித்தாள். திருவிருந்துப் பாயில் ஒருவர் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். பாஸ்டருக்குப் பயம் வந்து தண்ணீர் கேட்டார். மூப்பர் டார்ச்சோடு ஓடிவந்தார்.

“வாயைத் திற. எங்கடா?”

மாமா வயிற்றைத் தொட்டுக் காட்டினார்.

“ஐயோ, உள்ள போயிடுச்சா?”

“நீதானேய்யா உள்ள போன்னு சொன்னே?”

வெள்ளை

மறுநாள் கோலாருக்குப் போய் எக்ஸ்ரே எடுத்தோம். மூப்பரும் வந்தார், கூப்பிடாமலே. டாக்டர் இளைஞர். படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினார். மாமாவின் விலா எலும்புகளுக்குக் கீழே, குடலின் ஒரு மடிப்பில், குட்டித் தொப்பி ஒன்று வெள்ளையாக மிதந்துகொண்டிருந்தது.

என்ன உலோகம் என்று டாக்டர் கன்னடத்தில் கேட்டார்.

மாமா வாயைத் திறக்கவில்லை. ஓட்டையோடு வெளியாட்கள் முன்னால் பேச அவருக்குக் கூச்சம். நான் மூப்பரைப் பார்த்தேன்.

“தங்கம் சார்” என்றார் மூப்பர். கன்னடத்திலும் ஒருமுறை சொன்னார், சந்தேகம் வேண்டாம் என்று.

டாக்டர் எழுதிக்கொண்டார். “எதுவா இருந்தாலும் இதுல ஒரே வெள்ளைதான்” என்றார். வாழைப்பழம் சாப்பிடச் சொன்னார். தானாக வந்துவிடும் என்றார்.

வந்தது. எப்படி வந்தது என்பதை ஒரு வார இதழில் எழுத முடியாது. வரும்வரை தினமும் காலையில் மூப்பர் போன் செய்து விசாரித்தார் என்பதை மட்டும் எழுதலாம். சபையில் அதற்காக ஜெபம் ஏறெடுக்கப்பட்டது.

அத்தையை ஆபரேஷனுக்குக் கொண்டுபோன காலையில் நாங்கள் மூன்று பேரும் பெங்களூரில் அந்த நீண்ட தாழ்வாரத்தில் நின்றோம். பினாயில் வாசனை. சக்கரப் படுக்கையில் பச்சைத் துணிக்குள் அத்தை ரொம்பச் சின்னதாகத் தெரிந்தாள். நர்ஸ் குனிந்து, நகை, ஊசி, பல் செட்டு ஏதாவது இருந்தால் கழற்ற வேண்டும் என்றாள்.

“என்கிட்ட ஒண்ணும் இல்லம்மா. எப்பவோ கழட்டிட்டேன்.”

மாமா சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கைக்குட்டையில் சுற்றி அங்கேதான் வைத்திருந்தார். உதடுகளை இறுக்கி மூடியிருந்தார், அந்தப் பல் உடைந்த வாரம் போல.

படுக்கை நகர்ந்தது. அத்தை கையைத் தூக்கி நிறுத்தினாள்.

“சிரி” என்றாள்.

மாமா தலையை ஆட்டினார்.

“பித்தளையைப் பாத்துச் சிரிச்சவதான் நான். ஓட்டைக்கு இன்னா. சிரி.”

மாமா சிரித்தார். அழுகையும் அதிலேயே இருந்தது. கதவு மூடிக்கொண்டது. மூப்பர் டார்ச்சை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்தபடி சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து, குழாய்களுக்கும் வயர்களுக்கும் நடுவில், அத்தை கண்ணைத் திறந்தாள். எங்களை அடையாளம் தெரிகிறதா என்று டாக்டர் கேட்டார். அவள் கண் எங்கள் முகங்களின் மேல் ஒவ்வொன்றாகப் போய், மாமாவின் சிரிப்பில் அந்தக் கறுப்பு ஓட்டையைக் கண்டுபிடித்து, அங்கே நின்றது.